கடைசி அணிக்கு முதல் வாய்ப்பு: என்.பி.ஏ. டிராஃப்டும் நம்மூர் 'தகுதி'யும்

பீளமேட்டில் நாங்கள் ஆறு பேர் அறையெடுத்துத் தங்கிப் படித்த காலம். ஜூன் கடைசியில் ஒரு விடிகாலை, ஐந்தரை மணிக்கே எழுந்து ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அமெரிக்காவில் என்.பி.ஏ. டிராஃப்ட் நடந்துகொண்டிருந்தது. எந்த அணி எந்தப் புதுமுகத்தை எடுக்கும் என்று டீக்குப் பந்தயம். அதே வாரத்தில் பொறியியல் கலந்தாய்வு பற்றிப் பேச்சு வந்தது. யாரோ ஒரு பையனைப் பற்றி, "அவனுக்கென்னடா, கோட்டாவுல சீட்டு வாங்கிருவான்" என்றான் ஒரு நண்பன். அந்த அறையில் கோட்டாவில் வந்தவன் நானும்தான் என்பது அவனுக்குத் தெரியாது. நான் வாய் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

டிராஃப்ட் என்பது என்ன? என்.பி.ஏ.வில் 30 அணிகள். கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளம் வீரர்களை இந்த அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. யார் முதலில் எடுப்பது? கோப்பையை வென்ற அணி அல்ல. போன சீசனில் மோசமாகத் தோற்ற அணிகளுக்குத்தான் முதலிடங்களில் வாய்ப்பு. 2002-03 சீசனில் 82 ஆட்டங்களில் 17ல் மட்டும் வென்ற கிளீவ்லேண்ட் அணிக்கு 2003ல் முதல் வாய்ப்பு கிடைத்தது. அவர்கள் எடுத்த பையன் லெப்ரான் ஜேம்ஸ். 2007ல் அதே அணி இறுதிப்போட்டியில் நின்றது.

இதைப் பார்த்து 'தகுதி செத்துவிட்டது' என்று யாராவது அழுதார்களா? பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை தராவிட்டால் பணக்கார அணிகளே எப்போதும் ஜெயிக்கும், ஆட்டமே செத்துவிடும் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. அந்தப் புரிதல் நம்மூர் கலந்தாய்வு வாசலுக்கு வந்ததும் ஏன் காணாமல் போகிறது?

'முறைகேடு நடக்கிறதே' என்பார்கள். டிராஃப்டிலும் நடந்தது. முதல் வாய்ப்புக்காக வேண்டுமென்றே தோற்கும் அணிகள் இருந்தன. அதற்காக 1985ல் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தார்கள். பிறகும் பிரச்சினை தீரவில்லை என்றதும், கடைசி அணிக்கு முதல் வாய்ப்பு விழும் சாத்தியத்தை 25 சதவிகிதத்திலிருந்து 14 சதவிகிதமாக 2019ல் குறைத்தார்கள். விதியைத் திருத்தினார்களே தவிர, டிராஃப்டையே ஒழித்துவிடவில்லை. இங்கோ ஒரு போலிச் சான்றிதழ் பிடிபட்டால் போதும், இடஒதுக்கீட்டையே ஒழிக்கச் சொல்கிறார்கள்.

தகுதி என்ற சொல்லின் யோக்கியதையையும் கூடைப்பந்தே காட்டிக்கொடுக்கிறது. முதல் டிராஃப்ட் நடந்தது 1947ல். கறுப்பின வீரர் ஒருவர்கூட எடுக்கப்படவில்லை. திறமை இல்லாமலா? 1948 பிப்ரவரியில், முழுக்கக் கறுப்பின வீரர்களைக் கொண்ட ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணி, பலம் வாய்ந்த மின்னியாபொலிஸ் லேக்கர்ஸை 61-59 என்று தோற்கடித்தது. அதன்பிறகும் 1950 ஏப்ரலில்தான் சக் கூப்பர் என்ற கறுப்பின வீரரை பாஸ்டன் அணி டிராஃப்டில் எடுத்தது. திறமை எப்போதும் இருந்தது, கதவுதான் பூட்டியிருந்தது.

அதே 1950ல் இங்கே நடந்தது என்ன? சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று ஜூலையில் உயர்நீதிமன்றம் சொன்னது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வழக்குப் போட்ட சண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை! ஈரோட்டுப் பெரியார் தலைமையில் தமிழ்நாடு கொதித்தெழுந்த பிறகுதான் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) வந்தது. அங்கே கதவு திறந்த நேரத்தில் இங்கே திறந்திருந்த கதவைச் சாத்தப் பார்த்தார்கள். போராடித்தான் காத்துக்கொண்டோம்.

ஆனால் தோழர்களே, டிராஃப்டைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டியதில்லை. அது சமப்படுத்துவது அணி முதலாளிகளை, வீரர்களை அல்ல. எந்த ஊரில், எந்த அணியில் ஆடுவது என்று முடிவுசெய்யும் உரிமை புதுமுக வீரருக்குக் கிடையாது. இந்தக் கட்டுப்பாடுகளை எதிர்த்து ஆஸ்கர் ராபர்ட்சன் தலைமையில் வீரர்கள் சங்கம் 1970ல் வழக்குப் போட்டது. 1976ல் ஏற்பட்ட சமரசம்தான், ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணிக்குப் போக வழிதிறந்தது. சாதி என்பது பிறக்கும்போதே நடந்து முடிந்துவிடும் டிராஃப்ட். யார் சாக்கடைக்குள் இறங்குவது, யார் மில்லுக்கு முதலாளி ஆவது என்பதெல்லாம் தொட்டிலிலேயே முடிவாகிவிடுகிறது. அதற்கு ஒப்பந்தக் காலமும் இல்லை, அணி மாறும் உரிமையும் இல்லை.

நம்மூர் ஆடுகளத்துக்கு வருவோம். கோவையில் கூடைப்பந்துக்குப் பஞ்சமில்லை. அகில இந்திய ஆடவர் போட்டி பல பத்தாண்டுகளாக இங்கே நடக்கிறது. அதன் கோப்பைக்குப் பெயர் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் கூடாது என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட நாடு இது. கோப்பையில் பட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: பந்து யார் கைக்குப் போகிறது? வளையம் மாட்டிய நல்ல தளம், ஷூ, பயிற்சியாளர் எல்லாம் பெரும்பாலும் கட்டணம் வாங்கும் பள்ளி, கல்லூரிகளின் மதிலுக்குள் இருக்கின்றன. விடியுமுன் தெருக்கூட்டக் கிளம்பும் தாயின் மகன் அந்த மதிலைத் தாண்டுவது எப்படி? காலனிக்குள் ஒரு வளையம்கூட நடாமல், தேர்வு நாளன்று வந்து 'உயரம் இருக்கிறது, பயிற்சி போதாது' என்று கழித்துவிடுவதற்குப் பெயர்தான் தகுதியா?

கொங்கு மண்ணில் இந்தக் கேள்வி அருந்ததியரிடமிருந்து தொடங்க வேண்டும். பட்டியலினத்துக்கான 18 சதவிகிதத்தில் அவர்களுக்கு 3 சதவிகித உள்ஒதுக்கீடு 2009ல்தான் சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. வரிசையின் கடைசியிலும் கடைசியில் நிற்பவருக்கு முதலில் கைகொடுப்பது என்பதே அதன் பொருள். டிராஃப்டின் நியாயமும் இதுதான். ஒரு வித்தியாசம்: அங்கே அதனால் பிழைப்பது முதலாளியின் வியாபாரம், இங்கே ஒரு தலைமுறையின் வாழ்க்கை.

இனி யாராவது "கோட்டா" என்று உதட்டைச் சுழித்தால், என்னைப்போல வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். "போன டிராஃப்டில் முதல் வாய்ப்பு எந்த அணிக்குடா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் அவனுக்கு நன்றாகவே தெரியும்.