போர்வீரன் வீட்டு விடுமுறை

"எல்லையிலே வீரன் விழித்திருப்பதால்தான் வீட்டிலே நாம் கண்ணுறங்குகிறோம்" என்று குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் மேடையேறிப் பேசாத பள்ளி நம் நாட்டில் இராது. கொடி ஏற்றுகிறோம், கைதட்டுகிறோம், மிட்டாய் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். ஆனால் அந்த வீரனுடைய தாயும் மனைவியும் மக்களும் ஆண்டு முழுவதும் எப்படி வாழ்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

இப்போதெல்லாம் படைவீரர் குடும்பத்தாருக்கு விமானக் கட்டணத்தில் குறைவு, தங்கும் விடுதியில் தள்ளுபடி, வெளிநாட்டுச் சுற்றுலாவிலும் சலுகை என்று விளம்பரங்கள் வருகின்றன. இதைக் கண்டு சிலர் மகிழ்கின்றனர். வேறு சிலர், "அவர்களுக்கு மட்டும் ஏன்?" என்று முகம் சுளிக்கின்றனர். சலுகை வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் அது எதற்காக? யாருக்குப் போய்ச் சேரவேண்டும்? இவற்றை நிதானமாக ஆராய்வது நம் கடமை.

படைவீரன் வீட்டைப் பேணுவது நமக்குப் புதிதன்று. சங்க காலத்தில் போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டார்கள். பிற்காலத்தில் கல் மட்டும் நட்டு நின்றுவிடவில்லை; மாண்டவன் குடும்பம் வயிறு வாடாதிருக்க நிலமும் வழங்கினார்கள். அந்த நிலத்துக்கு 'உதிரப்பட்டி' என்று கல்வெட்டுகள் பெயர் சொல்கின்றன. உதிரம் சிந்தியவனுக்கு ஈடாக விளைநிலம்! 1010-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட நம் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளிலும் இராசராசனுடைய படைப்பிரிவுகளின் பெயர்கள் வரிசையாகக் காணப்படுகின்றன. அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், 1025-ஆம் ஆண்டு வாக்கில், சோழப் படை கடல் கடந்து கடாரம் சென்றது. தஞ்சை மண்ணிலிருந்து வெளிநாடு சென்ற அந்த வீரர்கள் உல்லாசப் பயணம் போகவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

வெளிநாடுகளில் இன்று நடப்பதையும் சற்றுப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்த பின்னர் அமெரிக்கப் படைகள் ஜெர்மனியில் தங்கிவிட்டன. சொந்த ஊரைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்த வீரர்களுக்காக அங்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் கார்மிஷ் என்னும் ஊரில் ஓய்விடங்கள் ஏற்பட்டன. இன்று அவ்வூரில் 2004-இல் திறக்கப்பட்ட எடெல்வைஸ் என்னும் பெரிய விடுதி படைவீரர் குடும்பங்களுக்கென்றே இருக்கிறது. ஹவாய்த் தீவில் கடற்கரையை ஒட்டி 1975-இல் ஹலே கோவா விடுதி திறக்கப்பட்டது. தென்கொரியத் தலைநகர் சியோலிலும் இத்தகைய விடுதி உண்டு. படை விமானங்களில் இடம் காலியாக இருந்தால் வீரர்களும் குடும்பத்தாரும் ஏறிச் செல்லவும் அந்நாட்டில் வழி செய்திருக்கிறார்கள்.

இவற்றில் நம் கருத்தைக் கவரவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த விடுதிகளில் எல்லாருக்கும் ஒரே வாடகை இல்லை. பதவி குறையக் குறைய வாடகையும் குறைகிறது. தளபதி அதிகம் தருகிறார்; கடைநிலைச் சிப்பாய் குறைவாகத் தருகிறார். சலுகை என்ற சொல்லுக்கு இதுவே நல்ல இலக்கணம் என்று சொல்லத் தோன்றுகிறது. தண்ணீர் கடைமடைக்குப் பாய்ந்தால்தானே பாசனம்? தலைமடையில் இருப்பவனே மடையை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைக் காவிரிப் பாசனத்தில் வாழும் நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் நாட்டில் உள்ள சலுகைகள் யாவை? விடுப்பில் ஊருக்கு வரும் வீரனுக்கு ரயில் வாரன்ட் உண்டு. குறைந்த கட்டணத்தில் பயணம் செய்யப் படிவங்கள் உண்டு. பெரிய ரயில் நிலையங்களில் படையினருக்கு உதவ எம்.சி.ஓ. அலுவலகம் உண்டு. 1948-இல் ஏற்பட்ட சி.எஸ்.டி. என்னும் அமைப்பின் வாயிலாகக் கேண்டீன்களில் வீட்டுப் பொருள்கள் வெளிச்சந்தையைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. சில விமான நிறுவனங்கள் உள்நாட்டுப் பயணத்தில் அடிப்படைக் கட்டணத்தைக் குறைத்துத் தருகின்றன.

ஆனால் வெளிநாட்டுச் சுற்றுலா? அரசு தரும் விடுமுறைப் பயணச் சலுகை இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். பணியில் இருக்கும் வீரன் சொந்தச் செலவில் வெளிநாடு போவதானாலும் முன்னதாக மேலதிகாரிகளின் அனுமதி பெறவேண்டும். எனவே வெளிநாட்டுத் தள்ளுபடி என்பது நம் கிராமத்து ஜவானுக்கு ஏட்டுச் சுரைக்காய்தான். ஒரத்தநாட்டிலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ படைக்குப் போன பிள்ளைக்கு விடுமுறை என்றால் சிங்கப்பூர் நினைவுக்கு வராது. தன் வீட்டுத் திண்ணைதான் நினைவுக்கு வரும். ஜம்முவிலிருந்து சென்னைக்கு ரயிலில் இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது. அங்கிருந்து தஞ்சைக்கு இன்னோர் இரவு. போக ஒரு மூன்று நாள், வர ஒரு மூன்று நாள் பயணத்திலேயே கழிகிறது. இடையில் கிடைக்கும் நாள்களில்தான் நாற்று நடவுக்கு ஆள் தேட வேண்டும், தங்கையின் திருமணத்தை முடிக்க வேண்டும், தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும், குழந்தையோடு விளையாடவும் வேண்டும். வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்ச்சை இருந்தால் செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவுக்கு விடுப்புக் கிடைக்குமா என்று அவன் மனைவி ஏங்கிக்கொண்டிருப்பாள்.

இங்கேதான் சலுகையின் உண்மையான நோக்கம் விளங்குகிறது. வீரத்துக்கு விலை கொடுக்க நம்மால் முடியாது. 1999 மே 29-ஆம் நாள் கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் உயிர்நீத்த திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணனுக்கு எத்தனை சதவீதம் தள்ளுபடி கொடுத்து நன்றிக்கடன் தீர்க்கமுடியும்? அவருக்கு நாடு வீர சக்கரம் அளித்தது; அது மரியாதை. சலுகை என்பது வேறு. அது பிரிவுக்குச் செய்யும் சிறு ஈடு. பிரிவுக்கு ஈடு என்றால் சேர்ந்திருப்பதைத் தவிர வேறென்ன ஈடு இருக்கமுடியும்? ஆகவே குடும்பத்தை ஒன்றுசேர்க்கும் சலுகையே முதல் சலுகை. உறுதியான ரயில் இடம், உரிய காலத்தில் விடுப்பு, பணியிடத்தில் குடும்பத்தோடு வசிக்க வீடு, பிள்ளைகளுக்கு இடையில் பள்ளி மாறினாலும் இடம், இவை வந்த பிறகு மற்றவை வரட்டும்.

"நாட்டுக்கு உழைப்பவர் படைவீரர் மட்டுந்தானா? சேற்றில் கால் வைக்கும் உழவர் இல்லையா? இரவெல்லாம் கண்விழிக்கும் செவிலியர் இல்லையா? தெருவைக் கூட்டும் தொழிலாளி இல்லையா?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். நெற்களஞ்சியத்தில் பிறந்த நாம் உழவரைக் குறைத்துப் பேசமுடியுமா? மற்றவர்க்கும் உரியது கிடைக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். உழவர் ஊர்வலம் போகலாம். ஊழியர் சங்கம் அமைக்கலாம். வேலை நிறுத்தம் செய்யலாம். போர்வீரன் இவற்றில் எதையும் செய்யமுடியாது. படைச் சட்டம் அவனைத் தொழிற்சங்கத்தில் சேர விடுவதில்லை. வேண்டாமென்று நினைத்த அன்றே வேலையை விட்டு வந்துவிடவும் முடியாது. வாய்திறந்து கேட்க முடியாதவனுக்காக மற்றவர்கள் கேட்பதுதானே அறம்?

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சலுகையைக் கெடுப்பவர்களில் நாமும் இருக்கிறோம்! ஊரில் ஒருவர் படையில் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும். "கேண்டீனில் ஒரு மிக்சி எடுத்துக் கொடுங்கள், ஒரு குளிர்பதனப் பெட்டி எடுத்துக் கொடுங்கள்" என்று உறவினர் கூட்டம் வாசலில் நிற்கிறது. வேறு சிலர் புட்டிகளுக்காகவே நட்புப் பாராட்டுகிறார்கள். விடுப்பில் வந்தவன் "முடியாது" என்று சொன்னால் கோபம். சொல்லாவிட்டால் அவன் விதியை மீறவேண்டியிருக்கிறது. கேண்டீன் பொருளைப் பிறருக்கு விற்கக்கூடாது என்பது சட்டம். அந்த விலைக்குறைவு அவன் குடும்பத்துக்காக அரசு வரியை விட்டுக்கொடுத்ததால் வந்தது. அதை நாம் பிடுங்கிக்கொள்வது, ஏழையின் உண்டியலில் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

சலுகைக்கு மற்றொரு குறையும் உண்டு. மனமுவந்து தருவதை மனம் மாறினால் நிறுத்தலாம். 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது ரயில்வே பல சலுகைகளை நிறுத்தியதும் அவற்றுள் மூத்த குடிமக்களுடைய கட்டணக் குறைவு ஒன்று என்பதும் நம் தாத்தா பாட்டிமாருக்குத் தெரியும். உரிமை அப்படியன்று. ஆகவே எது சலுகையாக இருக்கலாம், எது உரிமையாக வேண்டும் என்று பிரித்தறிய வேண்டும். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி இளைஞர்கள் நான்கு ஆண்டுக்குப் படையில் சேர்கிறார்கள். அவர்களில் கால் பங்கு வரையே தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ளப்படுவர். மற்றவர்கள் ஒரு தொகையோடு வீடு திரும்புவர், ஓய்வூதியம் இல்லை. பழைய முறையில் சேர்ந்த ஜவானுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள். அக்னிவீரனுக்கு விதித்தது 30 நாள். அதே பனி, அதே துப்பாக்கி, அதே குண்டு. வீட்டாரோடு இருக்கும் நாள் மட்டும் பாதி! சுற்றுலாத் தள்ளுபடியைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர் இந்தக் கணக்கையும் சற்றுப் பார்க்கவேண்டும் என்பது நம் கருத்து.

அன்பு மாணவிகளே! இவையெல்லாம் பெரியவர்கள் பேசவேண்டியவை, நமக்கென்ன என்று எண்ணாதீர்கள். உங்கள் தெருவிலேயே படைவீரன் ஒருவனின் விதவையோ முதிய தாயோ இருக்கக்கூடும். அவர்களுக்கு உள்ள உதவிகள் பல அவர்களுக்கே தெரிவதில்லை. முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை என்று ஒன்று உண்டு. மேல்நிலைத் தேர்வில் 60 சதவீத மதிப்பெண் பெற்றுத் தொழிற்கல்வி பயில்பவர் விண்ணப்பிக்கலாம். 2019-இல் மாதம் மாணவருக்கு 2,500 ரூபாய், மாணவிக்கு 3,000 ரூபாய் என உயர்த்தினார்கள். பெண்ணுக்கு அதிகம் என்பதைக் கவனித்தீர்களா? விண்ணப்பம் இப்போது கணினி வழியாகவே செய்யப்படுகிறது. நாற்று நட்டுக் கை காய்த்துப்போன ஒரு தாயால் அது முடியுமா? உங்களால் முடியும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரை அழைத்துச் சென்று ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். நூறு மேடைப் பேச்சைவிட அது மேலானது. டிசம்பர் 7-ஆம் நாள் கொடி நாள். 1949 முதல் நடைபெற்றுவரும் அந்நாளில் உண்டியலில் காசு போட்டுக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்ளும்போது, அது யாருக்குப் போகிறது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2013 மே 27-ஆம் நாள் தஞ்சை விமானப்படைத் தளம் முறையாகத் தொடங்கப்பட்டது. 2020 ஜனவரியில் சுகோய் விமானப் பிரிவும் இங்கே வந்துவிட்டது. அதனால் பஞ்சாபிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் குடும்பங்கள் நம் ஊரில் வந்து வாழ்கின்றன. அவர்களுக்குத் தஞ்சாவூரே ஒரு வெளிநாடு போலத்தான்! மொழி தெரியாது, பழகிய முகம் இல்லை. விடுமுறை நாளில் பெரிய கோயிலையும் கல்லணையையும் பூண்டி மாதா பேராலயத்தையும் காணப் புறப்படும் அந்தப் பெண்களிடம் ஆட்டோக்காரரும் கடைக்காரரும் கூடுதல் விலை சொல்லாதிருப்பதே பெரிய சலுகை. பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஒரு வேளை உணவுக்கு அவர்களை வீட்டுக்கு அழைப்பது அதைவிடப் பெரிய சலுகை. இதற்கு அரசாணை வேண்டியதில்லை.

நம் திருச்சபை நவம்பர் 11-ஆம் நாள் புனித மார்ட்டினைக் கொண்டாடுகிறது. அவர் உரோமைப் படையில் வீரராக இருந்தவர். குளிரில் நடுங்கிய ஏழை ஒருவருக்குத் தம் மேலாடையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. மீந்ததை அவர் கொடுக்கவில்லை. தமக்கு வேண்டியதிலிருந்தே கொடுத்தார். முதல் உலகப் போரும் 1918-இல் அதே நவம்பர் 11-இல் ஓய்ந்தது என்பது சிந்திக்கத்தக்கது. அன்று ஒரு போர்வீரர் ஏழைக்குப் பாதி ஆடையைக் கொடுத்தார். இன்று போர்வீரன் வீட்டுக்கு நம்மிடமிருந்து பாதி கொடுக்க நாம் ஆயத்தமா?

கடைக்காரர் தரும் தள்ளுபடி பணப்பையைக் குளிர்விக்கும். கடைநிலை வீரன் வீட்டாரோடு கழிக்கும் ஒரு நாளோ அந்த வீட்டையே குளிர்விக்கும். போர்களே இல்லாத காலம் வரவேண்டும் என்று இறைவனை மன்றாடுவோம். அது வரும்வரை, காவல் நிற்பவன் காலத்தோடு வீடு வந்து சேரவும், அவன் வராத நாள்களில் அவன் வீட்டார் தனித்துப் போகாதிருக்கவும் நம்மால் இயன்றதைச் செய்வோம்!