எளிமை வேறு, ஏழ்மை வேறு

செமஸ்டர் முடிந்தால் போதும், நம்மில் பாதிப் பேருக்கு ஒரே கனவு. வேலை, இ.எம்.ஐ., டிராஃபிக் எதுவும் வேண்டாம். மலையடிவாரத்தில் ஒரு குடிசை, ரெண்டு மாடு, ஒரு கிணறு போதும். அந்தக் கனவையும் ரீல்ஸில்தான் பார்க்கிறோம் என்பது வேறு விஷயம்!

கனவு தப்பில்லை. நம்மாழ்வார் (1938–2013) வேளாண்மை படித்தவர். கோவில்பட்டியில் பார்த்த அரசு ஆராய்ச்சி வேலையை உதறினார். கரூர் மாவட்டம் கடவூரில் 'வானகம்' பண்ணையை உருவாக்கினார். ஆனால் அவர் ஊரை விட்டு ஓடவில்லை, கவனிங்க. கடைசி நாட்களில்கூட மீத்தேன் திட்டத்துக்கு எதிராக டெல்டா மக்களோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்.

நீங்களும் மலைக்குப் போகும் முன் காஞ்சிபுரத்துக்கு ஒருமுறை வாங்க.

இங்கே ஒரு பட்டுச்சேலைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பட்டுக்கூடுகள் இருக்கின்றன. நூல் எடுக்க அவற்றைச் சூடான நீரில் போடுவார்கள்; உள்ளே இருக்கும் கூட்டுப்புழு செத்துவிடும். இதனால்தான், இதே ஊர் சங்கர மடத்தின் தலைவராக இருந்த சந்திரசேகரேந்திர சரஸ்வதி (1894–1994) பட்டு கட்டுவதை விடச் சொன்னார். பட்டால் ஏறும் குடும்பச் செலவும் அவருக்கு இன்னொரு காரணம். அவரே கதர்தான் உடுத்தினார். அவருடைய மற்ற கருத்துகளை நாம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். பட்டு நெய்யும் ஊரில் உட்கார்ந்து இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேணும்.

சரி, எல்லோரும் பட்டை விட்டுட்டா நெசவாளர் என்ன செய்வார்?

அவர் ஏற்கனவே 'எளிமையாக'த்தான் வாழ்கிறார். குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்து, மூன்று நாடா போட்டுக் கோர்வைச் சேலை நெய்கிறார். அதே சேலையைத் தன் மகள் கல்யாணத்துக்கு எடுக்க யோசிக்கிறார். இதைப் பார்த்து "ஆஹா, எவ்வளவு நிம்மதியான வாழ்க்கை" என்று நாம் சொன்னால் அது அநியாயம். எளிமை நாமே தேர்ந்தெடுப்பது. ஏழ்மை நம் மேல் சுமத்தப்படுவது.

என்னைக் கேட்டால், எளிமை என்பது எதையும் வாங்காமல் இருப்பது இல்லை. குறைவாக வாங்கி, செய்தவருக்கு நியாயமான கூலி போய்ச் சேரும்படி வாங்கி, ரொம்ப நாள் வைத்துக்கொள்வது. பாட்டி கட்டிய காஞ்சிப் பட்டைப் பேத்தி கட்டுகிறாள். நாம் ஆஃபரில் வாங்கிய டி-ஷர்ட் அடுத்த செமஸ்டரைத் தாண்டுவதில்லை. புழுவை நினைத்தால் மனசு கேட்கலையா? கைத்தறிப் பருத்தி எடுங்க, அதையும் ஒரு நெசவாளர்தான் நெய்கிறார்.

இயற்கையும் மலையில் மட்டும் இல்லை. காஞ்சிபுரத்துக்குள்ளேயே வேகவதி ஆறு சாக்கடையும் ஆக்கிரமிப்புமாகக் கிடக்கிறது. நாம் வாங்கித் தூக்கிப்போடும் குப்பையும் இப்படி ஏதோ ஓர் ஆற்றங்கரையில்தான் போய்ச் சேர்கிறது.

அதனால அடுத்த தடவை 'ஆட் டு கார்ட்' அழுத்தும் முன் ரெண்டே கேள்வி கேளுங்க: இது எத்தனை வருஷம் வரும்? இதைச் செய்தவருக்கு எவ்வளவு போகும்?

குடிசையை அப்புறம் கட்டிக்கலாம்.