பக்கத்தில் அமர்ந்து கேட்போம்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் சிலர் தமிழ்ப் பாடத்தை மடமடவென்று சொல்வார்கள். கேட்கும் பெரியவர்களுக்கு உள்ளம் குளிரும். ஆனால் வாய் நான்காம் வரியைச் சொல்லும்போது விரல் இரண்டாம் வரியிலேயே நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டால், பிள்ளை முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்துதான் அந்தச் சொல்லைப் பிடிக்கும். இது மனப்பாடம், படிப்பு அன்று. இரண்டையும் ஒன்றென எண்ணி நாம் மகிழ்ந்துவிடுவதால், எத்தனையோ குழந்தைகள் படிக்கத் தெரியாமலேயே வகுப்புக்கு வகுப்பு ஏறி வருகின்றனர்.

இது மிகைக் கூற்று அன்று. கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்புத் திறனை வீடு வீடாகச் சென்று பார்க்கும் 'அசர்' ஆய்வு, 2022இல் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடியவர்கள் 100க்கு 5 பேருக்கும் குறைவு என்றது. கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. அந்த இழப்பு பெரிதுதான். எனினும் தொற்றை மட்டும் குறை கூறுவதற்கில்லை. அதற்கு முன் 2018இலும் 100க்கு 10 பேர் அளவில்தான் இருந்தனர். 2024இல் நிலை தேறி 10 பேரைத் தாண்டியிருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு யார் துணை?

அரசு கைகட்டி நிற்கவில்லை. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட 12 மாவட்டங்களுள் நம் கடலூரும் ஒன்று. மாலை வேளையில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம், ஏறத்தாழ 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்பது ஏற்பாடு. தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்க 12ஆம் வகுப்பு முடித்திருந்தால் போதும் என்றனர். முன்வந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதன்பின் வந்த 'வாசிப்பு இயக்கம்', சிறு கதை நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்தது.

இவற்றுள் 'இல்லம் தேடிக் கல்வி' நமக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டியது. படிக்கப் பழகும் பிள்ளைக்குப் பட்டம் பெற்றவர்தான் துணையாக வேண்டும் என்பதில்லை. அடுத்த வீட்டு அக்காவும் போதும்.

"அது ஆசிரியரின் வேலை அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப்பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. 45 நிமிடப் பாட வேளை முழுவதையும் பிள்ளைகள் படிப்பதைக் கேட்பதற்கே செலவிட்டாலும், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். நாம் ஒரு பிள்ளையின் பக்கத்தில் கால் மணி நேரம் அமர்ந்தால், பத்துப் பாட வேளைகளில் கிடைப்பது அதற்கு ஒரே நாளில் கிடைக்கிறது. எழுத்தை அறிமுகம் செய்பவர் ஆசிரியர். அது நாவில் பழகுவதற்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். அந்த இடத்தில்தான் நம் உதவி தேவை.

கேட்பது எளிய செயலாகத் தோன்றும். உண்மையில் அதற்குப் பொறுமை மிக வேண்டும். பிள்ளை ஒரு சொல்லில் தடுமாறியவுடன் நாமே அதைச் சொல்லிவிடத் துடிக்கிறோம். சொல்லிவிட்டால் பிள்ளை எழுத்தை விட்டு நம் முகத்தைப் பார்க்கப் பழகிவிடும். மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருப்போம். அப்போதும் வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் ஒலித்துக் காட்டுவோம்.

நம் மொழியின் போக்கையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 247 எழுத்துகள் என்றதும் பிள்ளை மிரளுகிறது. 12 உயிரும் 18 மெய்யும் காலும் கொம்பும் சுழியும் பழகிவிட்டால் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும் என்று காட்டினால் அச்சம் தெளியும். உகர, ஊகார வரிசைகளே மெய்க்கு மெய் வடிவம் மாறுவன. அவற்றிற்குக் கூடுதல் நாள் கொடுக்க வேண்டும். 'கெ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது. ஒலியோ பின்னே வருகிறது. 'பக்கம்', 'பகல்', 'பங்கு' மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. இங்கெல்லாம் பிள்ளை தயங்குவது அறிவுக் குறைவினால் அன்று. நாமும் ஒரு காலத்தில் இங்கே தயங்கி நின்றவர்கள்தாம்.

இன்னொன்று. புத்தகத்தில் 'வந்தார்கள்' என்றிருக்கும். பிள்ளை 'வந்தாங்க' என்று படிக்கும். 'மரத்தில்' என்பதை 'மரத்துல' என்னும். உடனே "தப்பு" என்று தலையில் குட்டுவதா? பொருள் புரிந்ததனால்தானே பிள்ளை அதைத் தன் வீட்டுப் பேச்சில் சொல்கிறது! "சரி, புத்தகத்தில் எப்படிப் போட்டிருக்கிறது, பார்" என்று மெல்லத் திருப்பினால் போதும். பொருள் அறியாமல் எழுத்தெழுத்தாக ஒலிக்கும் பிள்ளையைக் காட்டிலும் இப்பிள்ளை ஒரு படி மேலே நிற்கிறது.

"மக்கு" என்ற சொல்லை நம் வாயிலிருந்து அறவே நீக்குவோம். அந்த ஒரு சொல்லால் புத்தகத்தை மூடிய பிள்ளை மீண்டும் திறக்க ஆண்டுகள் ஆகும். மூக்கோடு ஒட்டிப் புத்தகம் பிடிக்கும் பிள்ளையையும், கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் பிள்ளையையும் கண்டால், ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்ல வேண்டும். அப்பிள்ளைக்குத் தேவை ஒரு மூக்குக் கண்ணாடியாக இருக்கலாம்.

குடிகாடு முதலிய உப்பனாற்றங்கரை ஊர்களிலும், சிதம்பரம் சாலையை ஒட்டிய சிற்றூர்களிலும், ஆலைக்கும் கூலிக்கும் சென்று பொழுது சாய்ந்து திரும்பும் பெற்றோர் பலர். தாமே எழுதப் படிக்க வாய்ப்பில்லாமல் போன தாய்மாரும் உண்டு. பிள்ளை பெரியவளாகி மருந்துச் சீட்டையும், பேருந்தின் பெயர்ப் பலகையையும், கையொப்பம் கேட்டு நீட்டப்படும் தாளையும் பிறர் உதவியின்றிப் படிக்க வேண்டும் என்பதே அத்தாய்மாரின் ஆசை. அந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பில் படிக்கத் தவறினால் கணக்கும் அறிவியலும் அதன்பின் எட்டாக் கனியே; கணக்கைப் போடுமுன் கேள்வியைப் படிக்க வேண்டுமே! பல பெண்பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பது ஒரே நாளில் நிகழ்வதன்று. புரியாத பக்கங்களின் முன் ஆண்டுக்கணக்கில் வாய்மூடி அமர்ந்திருந்த பின்னரே நிகழ்கிறது.

ஆகவே நம் வேண்டுகோள் சிறியது. உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் பயிலும் நாம் ஒவ்வொருவரும் நம் தெருவிலோ, நம் தொடக்கப் பிரிவிலோ ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொள்வோம். நாளொன்றுக்குக் கால் மணி நேரம்; வாரத்தில் ஐந்து நாள். தேர்வுக் காலத்திலும் இது நமக்குப் பாரமாகாது. தலைவாரிப் பூச்சூடும் நேரந்தான். பாடநூல் வேண்டா. பிள்ளை இதுவரை காணாத கதைப் புத்தகமாக இருக்கட்டும். கண்டிராத பக்கத்தை மனப்பாடமாக ஒப்பிக்க முடியாதல்லவா? முதலில் நாம் ஒருமுறை படித்துக் காட்டுவோம். பிறகு சேர்ந்து படிப்போம். பின்பு பிள்ளை படிக்க, நாம் வாய்மூடிக் கேட்போம்.

அடுத்த ஆண்டுமலர் வெளிவரும்போது, அதிலுள்ள ஒரு பக்கத்தை அந்தப் பிள்ளையிடம் நீட்டுவோம். திக்கித் திக்கியேனும் அது தானாகப் படித்துவிட்டால், அவ்வாண்டில் நாம் பெறும் பரிசுகளுள் அதுவே தலையாயது.