மூச்சு திரும்பினால் போதாது, கணையத்தையும் பார்க்க வேண்டும்

புதுச்சேரியில் பூச்சி மருந்து குடித்தவரைப் பாகூரிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ தூக்கிக்கொண்டு ஓடுபவர்களுக்கு ஒரே கேள்விதான்: பிழைத்துக்கொள்வாரா? மருத்துவருக்கும் முதலில் அதுதான் கவலை. குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் மூச்சுத் தசைகளை முடக்கிவிடும். அட்ரோபினும் செயற்கைச் சுவாசமும் உயிரைப் பிடித்து நிறுத்தும் அந்தப் போராட்டத்தில் கணையத்தை யாரும் நினைப்பதில்லை.

மூச்சை முடக்கும் அதே நஞ்சு கணையத்தையும் தாக்குகிறது. நரம்புத் தூதுப்பொருளான அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி செயலிழப்பதால், கணையம் ஓயாமல் தூண்டப்பட்டுச் செரிமான நீரைச் சுரக்கிறது. அதன் குழாயில் அழுத்தம் ஏறுகிறது. உணவைச் செரிக்க வேண்டிய நொதிகள் கணையத்தையே அரிக்கத் தொடங்குகின்றன. 1979இலேயே மருத்துவ இதழில் பதிவான சிக்கல் இது. பலருக்கு லேசாக வந்து போய்விடும். சிலருக்குத் திசு அழுகி உயிருக்கே ஆபத்தாகும்.

கண்டுபிடிப்பதுதான் கடினம். கடுமையான வயிற்றுவலி, இயல்பைப் போல் 3 மடங்கு உயர்ந்த நொதி அளவு, ஸ்கேனில் தெரியும் வீக்கம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் கணைய அழற்சி என்பது மருத்துவ விதி. சுவாசக் கருவியில் மயங்கிக் கிடப்பவர் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வார்? அமைலேஸ் என்ற நொதியை மட்டும் நம்பவும் முடியாது. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது உண்டு. இந்த நஞ்சிலோ எச்சில் பெருக்கெடுக்கும். ஆகவே லிப்பேஸ் என்ற கணைய நொதியையும் பார்த்தே ஆக வேண்டும். அது உயர்ந்தால் ஸ்கேனும் வேண்டும். கோரிமேட்டில் ஜிப்மரும் கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ள புதுச்சேரிக்கு இது எட்டாத சோதனை அல்ல. நஞ்சுண்டு சேர்க்கப்படும் ஒவ்வொருவருக்கும் முதல் சில நாட்களில் லிப்பேஸ் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

வீடு திரும்பிய பிறகும் வேலை இருக்கிறது. நஞ்சின் வேகத்தில் ஏறும் இரத்தச் சர்க்கரை பெரும்பாலும் தானே இறங்கிவிடும். ஆனால் கணைய அழற்சி கண்டவருக்குப் பின்னாளில் நீரிழிவு வரலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் இதை எழுதிக் கொடுத்தால், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரையைப் பார்த்துவிடலாம்.

ஆனால் ஊர் வாய்க்கும் போலீஸ் கேஸுக்கும் பயந்து, பல குடும்பங்கள் நடந்ததையே மறைக்கின்றன. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். இதைக் குடும்பத்தாரிடம் மருத்துவமனையிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும். கிராமச் செவிலியர் அக்கம்பக்கம் அறியாமல் அந்த வீட்டுக்குப் போய், சர்க்கரையைப் பார்க்கும்போதே மனசு எப்படி இருக்கிறது என்றும் கேட்கட்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் கொடுத்துவிட்டு வரட்டும்.