ஸ்கிரிப்ட் போதுமா?

‘லினக்ஸ் கருவியை அப்டேட் செய்ய எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து நாலு வரி ஸ்கிரிப்ட் ஓட்டினால் போதும், மெண்டர், ரவுக், எஸ்டபிள்யூஅப்டேட் போன்ற அப்டேட் மென்பொருள்கள் எல்லாம் வீண் சுமை’ என்கிறார் நண்பர். மேசைமேல் இருக்கும் ராஸ்பெர்ரி பைக்கு அது சரி. மலையுச்சிக் கோபுரத்தில் இருக்கும் கருவிக்கு? கர்னலை எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால், ஏறிப்போவது யார்? அவரா?

இந்த மென்பொருள்கள், ஓடிக்கொண்டிருக்கும் பார்ட்டிஷனைத் தொடாமல், பக்கத்துப் பார்ட்டிஷனில் புதிய இமேஜை எழுதுகின்றன. அது எழும்பாவிட்டால், யூ-பூட் என்ற பூட்லோடர் முயற்சிகளை எண்ணி, வரம்பு தாண்டியதும் பழையதற்கே திரும்பும்படி அமைக்கலாம். கையொப்பமில்லாத தொகுப்பை ரவுக் நிறுவாது. இத்தனையையும் ஸ்கிரிப்டிலேயே எழுதலாம்தான். எழுதி முடித்தால் கையில் இருப்பது யாரும் சோதிக்காத இன்னொரு ரவுக்.

இரட்டிப்பு இடம் வேண்டும் என்ற குறை மட்டும் நியாயம். அதற்கும் எஸ்டபிள்யூஅப்டேட்டில் சிறிய மீட்பு இமேஜ் வழி இருக்கிறது.