கறிக்கோழி வளர்ப்பு: கூலிக்கு முன் கணக்கு

சூலூர், சுல்தான்பேட்டை, பல்லடம், பொங்கலூர் வட்டாரங்களில் கோழி செட் வைத்திருக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை தங்கள் சொந்தக் கோழியை வளர்ப்பதில்லை. குஞ்சு, தீவனம், மருந்து, தடுப்பூசி எல்லாமே ஒப்பந்தம் போட்ட கறிக்கோழி நிறுவனத்துடையவை. நாற்பது நாளுக்குப் பிறகு கோழியைப் பிடித்து ஏற்றிச் செல்வதும் நிறுவனம்தான். செட், தண்ணீர், மின்சாரம், கீழே விரிக்கும் மஞ்சி, ராப்பகல் உழைப்பு, வங்கிக் கடன் ஆகியவை விவசாயியுடையவை. இந்த ஏற்பாட்டில் விவசாயிக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் தரப்படும் வளர்ப்புக் கூலி. கூலியை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது, கோழி வளர்ப்போரை உறுப்பினர்களாகக் கொண்ட எங்கள் சங்கம் அதை முழுமனதோடு ஆதரிக்கிறது. ஆனால் கூலியின் அளவைப் பற்றி மட்டும் பேசினால் இந்தச் சிக்கல் தீராது என்பது எங்கள் உறுதியான கருத்து. கூலியைக் கணக்கிடும் முறை ஒரு தரப்பின் கையில் மட்டும் இருக்கும்வரை, எந்த உயர்வையும் மறுகையால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். எனவே 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்தைக் கறிக்கோழி வளர்ப்பில் முழுமையாக அமல்படுத்த வேண்டும் என்றும், கணக்கைத் திறந்து காட்டுவதை அதன் விதிகளில் கட்டாயமாக்க வேண்டும் என்றும் அரசை வலியுறுத்துகிறோம்.

ஒரு பேட்ச் முடிந்ததும் பண்ணையாளர் கைக்கு வரும் கணக்குச் சீட்டைப் பார்த்தால் நாங்கள் சொல்வது விளங்கும். இறக்கிய குஞ்சு எத்தனை, செத்தது எத்தனை, ஏற்றிய கோழியின் மொத்த எடை, தின்ற தீவனம், மருந்துச் செலவு, இவற்றை வைத்து நிறுவனம் போடும் உற்பத்திச் செலவு, அதிலிருந்து வரும் கூலி, அதன்மேல் ஊக்கத்தொகை அல்லது பிடித்தம். இதில் நடுநாயகமாக இருப்பது எஃப்.சி.ஆர். எனப்படும் தீவன மாற்று விகிதம், அதாவது ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் செலவானது என்ற எண். ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். 5,000 கோழி, தலா 2 கிலோ என்றால் 10,000 கிலோ. கிலோவுக்கு 6 ரூபாய் 50 காசு கூலி என்றால் 65,000 ரூபாய். இதில்தான் மின்கட்டணம், மஞ்சி, ஆள்கூலி, வட்டி எல்லாம் அடங்க வேண்டும். இப்போது எஃப்.சி.ஆர். 1.6-லிருந்து 1.7-க்கு நகர்ந்தால் என்ன ஆகும்? கூடுதலாகத் தின்ற தீவனம் 1,000 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 40,000 ரூபாய். இது முழுவதும் வளர்ப்பவர் தலையில் விழுவதில்லை. எவ்வளவு விழும் என்பதை நிறுவனத்தின் சூத்திரம் தீர்மானிக்கிறது. ஒரு புள்ளி நகர்வுக்குப் பின்னால் இருக்கும் தொகை மொத்தக் கூலியில் பாதிக்கும் மேல் என்பதால், அந்தப் புள்ளி எதனால் நகர்ந்தது என்ற கேள்வி அந்தக் குடும்பத்துக்கு வாழ்வாதாரக் கேள்வி.

அந்தப் புள்ளி பல காரணங்களால் நகரும். பண்ணையாளர் தீவனத் தொட்டியின் உயரத்தைச் சரியாக வைக்காவிட்டால் தீவனம் சிந்தி விகிதம் கெடும். குஞ்சுக்குச் சூடு போதாவிட்டால் கெடும், கோடையில் காற்றோட்டம் இல்லாவிட்டாலும் கெடும். இவற்றுக்குப் பண்ணையாளர்தான் பொறுப்பு, அதை மறுக்கவில்லை. ஆனால் வயது குறைந்த தாய்க்கோழியின் முட்டையிலிருந்து வந்த சிறிய குஞ்சு, பொரிப்பகத்திலேயே நோய் ஒட்டிய குஞ்சு, புரதம் குறைந்த தீவனம், பூஞ்சை நஞ்சு ஏறிய மக்காச்சோளம், நேரத்துக்கு வராத தீவன வண்டி, எடை வந்த பிறகும் சந்தை மந்தமென்று நான்கைந்து நாள் தள்ளிப் பிடித்தது போன்றவையும் அதே விகிதத்தைக் கெடுக்கும். பண்ணையாளர் இவற்றில் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, எதையும் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் அவருக்கு இல்லை. சீட்டில் இரண்டு வகைக் காரணங்களும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகின்றன. தன் தவறுக்குப் பிடித்தம் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். யார் தவறு என்று பிரித்தறிய வழியில்லாத பிடித்தத்தை நியாயம் என்று எங்களால் ஏற்க முடியாது.

இதற்கு நாம் புதிதாகச் சட்டம் தேட வேண்டியதில்லை. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தை ஒட்டி, வேளாண் விளைபொருளோடு கால்நடையையும் சேர்த்து, ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. 2019 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறிய அந்தச் சட்டத்துக்கு அதே ஆண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதிகாரியிடம் பதிவாக வேண்டும், விலை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், தகராறு வந்தால் தீர்க்க ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பவை அதன் சாரம். ஆனால் அந்தச் சட்டம் வேளாண் துறையின் பொறுப்பு, கோழியோ கால்நடை பராமரிப்புத் துறையின் பொறுப்பு. இரண்டு துறைக்கும் இடையே கறிக்கோழி பண்ணையாளர் நிற்கிறார். ஒப்பந்தத்தின் நகல்கூடக் கையில் இல்லாத பண்ணையாளர்கள் எங்கள் வட்டாரத்தில் இருக்கிறார்கள். சிலரிடம் வெற்றுக் காசோலையும் கையெழுத்திட்ட பத்திரமும் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. இந்த நிலையில் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் கறிக்கோழி ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் பொறுப்பை ஒரே அதிகாரியிடம் பெயர் சொல்லி ஒப்படைப்பதுதான் முதல் வேலை. ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். வெற்றுக் காசோலை வாங்குவதை விதியிலேயே தடை செய்ய வேண்டும்.

சட்டத்தின் பின்பலம் இல்லாத கூலி உயர்வு என்ன ஆகும் என்பதை எங்கள் பகுதியிலுள்ள சோமனூர் மக்களுக்கு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. இங்கே விசைத்தறியும் இதே அமைப்பில்தான் ஓடுகிறது. பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையவை, தறியும் செட்டும் மின்கட்டணமும் தறிக்காரருடையவை, கிடைப்பது கூலி. 2014-இல் ஒப்பந்தம் போட்ட கூலி முழுமையாக வந்து சேரவில்லை. 2021 நவம்பரில் அரசுத் தரப்பு நடத்திய பேச்சுவார்த்தைக்குப் பின் சோமனூர் ரகத் துணிக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் என்று உயர்வு அறிவிக்கப்பட்டது. அது கைக்கு வராததால் 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் நின்றன. 2025-இல் மீண்டும் வேலைநிறுத்தம். அப்போது தறிக்காரர்கள் முன்வைத்த கோரிக்கையைக் கவனியுங்கள்: சட்டப் பாதுகாப்புடன் கூடிய கூலி ஒப்பந்தம். சதவீதத்தை மட்டும் நம்பி ஏமாந்த அனுபவம் அந்தக் கோரிக்கையில் இருக்கிறது. தறிக்காரர்களுக்குக் கேட்டும் கிடைக்காத சட்டம் கோழி வளர்ப்பவர்களுக்கு ஏட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணமும் சொல்ல முடியாது.

கணக்கைத் திறப்பது என்றால் என்ன என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குஞ்சு இறக்கும்போது அதன் பொரிப்பகம், இனம், தாய்க்கோழியின் வயது, சராசரி எடை ஆகியவை எழுதிய சீட்டு தரப்பட வேண்டும். ஒவ்வொரு தீவன லோடிலும் பண்ணையாளர் முன்னிலையில் மாதிரி எடுத்து, இரு தரப்பும் முத்திரையிட்டு, ஒரு பங்கு பண்ணையிலேயே இருக்க வேண்டும். ஐயம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அளவுகோலாகக் கோழித் தீவனத்துக்கு ஐ.எஸ். 1374 என்ற இந்தியத் தரநிலை இருக்கவே இருக்கிறது. கோழி ஏற்றுவது பெரும்பாலும் இரவில் நடக்கிறது. அந்த நேரத்தில் எடை போடும் தராசு, சட்டமுறை எடையளவு விதிப்படி முத்திரையிட்டதா என்று பார்த்துக்கொள்ளும் உரிமையும், கூண்டு கூண்டாக எழுதிய எடைச்சீட்டின் நகலும் பண்ணையாளருக்கு வேண்டும். மருந்துகளும் பெயரோடு வர வேண்டும். 2019 ஜூலையில் மத்திய அரசு கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை உணவுக்கான கால்நடைகளுக்குத் தடை செய்தது, மனிதர்களுக்குக் கடைசி நிலையில் கொடுக்கும் மருந்து கோழி வழியாக வலுவிழந்துவிடக் கூடாது என்பதற்காக. பெயர் மறைத்து வரும் மருந்தைத் தண்ணீரில் கலக்கும் பண்ணையாளருக்குத் தான் சட்டத்தை மீறுகிறோமா என்றே தெரியாது. இந்த இடத்தில் பண்ணையாளரின் நலனும் கறி வாங்கித் தின்னும் குடும்பத்தின் நலனும் ஒன்றுதான்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்பார்கள். இந்த ஒப்பந்த முறை வேரூன்றிய அமெரிக்காவிலேயே இதே குறை எழுந்து, அந்நாட்டு வேளாண் துறை 2023 நவம்பரில் ஒரு விதி வெளியிட்டது. 2024 பிப்ரவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பண்ணையாளர்கள் உண்மையில் எவ்வளவு சம்பாதித்திருக்கிறார்கள் என்ற விவரத்தை ஒப்பந்தத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும், தரும் குஞ்சின் இனம், தாய்க்கோழிக் கூட்டத்தின் வயது முதலிய விவரங்களையும் கொடுக்க வேண்டும் என்று அது நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. உலகின் மிகப் பெரிய கறிக்கோழித் தொழில் கொடுக்கும் தகவலைப் பல்லடத்தில் கொடுக்க முடியாது என்பதை ஏற்க முடியவில்லை.

சந்தை நட்டத்தை நாங்கள்தானே சுமக்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1990-களில் இந்த முறை இங்கே பரவியதற்கே அதுதான் காரணம். விலை விழுந்து சொந்தக் கோழி வைத்திருந்தவர்கள் கடனில் மூழ்கிய காலத்தில், கூலி என்பது நிம்மதியாக இருந்தது. வறட்சியிலும் தென்னை நோயிலும் தோட்டம் கைவிட்டபோது பல குடும்பங்களைக் காப்பாற்றியது கோழி செட்தான், அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனால் சந்தை நட்டம் பண்ணையாளரைத் தொடுவதே இல்லை என்பது சரியில்லை. 2020 தொடக்கத்தில் கோழிக்கறியால் கொரோனா வரும் என்ற வதந்தி பரவி விலை சரிந்ததுபோன்ற காலங்களில் நிறுவனம் குஞ்சு இறக்குவதைக் குறைத்துக்கொள்ளும். புரட்டாசி வந்தாலும் அப்படித்தான். 60 நாளைக்கு ஒரு பேட்ச் என்றால் ஆண்டுக்கு ஆறு. இடைவெளி நீண்டு 75 நாளானால் ஐந்துகூட நிறையாது. காலி செட்டுக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கிலோக் கணக்கில் தெரியாத நட்டம் நாள் கணக்கில் பண்ணையாளரிடம் வந்து சேர்கிறது. ஆகவே குறிப்பிட்ட நாளுக்கு மேல் செட் காலியாக இருந்தால் சதுர அடிக்கு இவ்வளவு என்று இருப்புத்தொகை தருவதை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.

கூலி கூடினால் கறி விலை ஏறும் என்பது அடுத்த வாதம். உயிர்க்கோழியில் சுமார் 70 சதவீதம் கறியாகிறது என்று கொண்டால், உயிர் எடைக் கிலோவுக்கு 1 ரூபாய் கூலி கூட்டினால் கறியில் ஒன்றரை ரூபாய்கூட ஏறாது. 5 ரூபாயே கூட்டினாலும் 7 ரூபாய் சொச்சம். பல்லடத்தில் உள்ள கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு நாள்தோறும் அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலை சில நாட்களிலேயே இதைவிடக் கூடுதலாக ஏறி இறங்குகிறது. அது ஏறும்போது வளர்ப்புக் கூலி உடன் ஏறுவதில்லை. 2022 செப்டம்பரிலிருந்து மின்கட்டணம் படிப்படியாக ஏறியிருக்கிறது, மஞ்சி விலையும் ஆள்கூலியும் அப்படியே. இவற்றோடு இணைத்து, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான முத்தரப்புக் குழு ஆண்டுதோறும் குறைந்தபட்ச வளர்ப்புக் கூலியை நிர்ணயிக்க வேண்டும். நிறுவனங்கள் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்ற பயமுறுத்தலை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொரிப்பகமும் தீவன ஆலையும் பழகிய கைகளும் இங்கே இருக்கின்றன, முப்பது ஆண்டு முதலீட்டை ஒரு படிவத்துக்குப் பயந்து யாரும் விட்டுப்போவதில்லை.

விவசாயிகள் தரப்பிலிருந்தே ஒரு கேள்வி வருகிறது, அதைத்தான் நாங்கள் அதிகம் மதிக்கிறோம். 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்று ஒப்பந்தப் பண்ணையம் பற்றியது. அதை எதிர்த்துப் போராடி 2021-இல் திரும்பப் பெற வைத்துவிட்டு, இப்போது ஒப்பந்தச் சட்டம் கேட்கலாமா என்பது அந்தக் கேள்வி. நெல்லிலும் கரும்பிலும் காய்கறியிலும் பெருநிறுவனத்தின் வாசலைத் திறந்துவிடும் சட்டம் என்று அதை எதிர்த்தது சரிதான், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும் வழியை அது அடைத்ததும் எதிர்ப்புக்கு முக்கியக் காரணம். கோழியில் நிலைமை வேறு. இங்கே நிறுவனம் எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல் எப்போதோ வாசலைத் தாண்டி வந்து செட்டுக்குள் இருக்கிறது. சட்டம் வராவிட்டால் ஒப்பந்தம் போய்விடப் போவதில்லை, எழுத்தில்லாமல் தொடரும், அவ்வளவுதான். ஆனால் அந்த எதிர்ப்பின் பாடத்தை நாங்கள் கைவிடவில்லை: மாநிலச் சட்டத்தின் தகராறு தீர்வு முறை விரைவாக இருக்கட்டும், அதில் திருப்தி இல்லாதவருக்கு நீதிமன்றக் கதவு திறந்தே இருக்க வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அடுத்த பேட்ச் குஞ்சு இறக்காமல் பழிவாங்கினால் அதை ஒப்பந்த மீறலாகவே கருத வேண்டும். இந்த ஒரு பாதுகாப்பு இல்லையென்றால் மற்ற உரிமைகளை யாரும் வாய்திறந்து கேட்க மாட்டார்கள்.

திறந்த கணக்கு இரு பக்கமும் திறந்ததாக இருக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். தீவனம் வெளியே விற்கப்படுகிறது, இறந்த கோழியின் எண்ணிக்கை மாற்றி எழுதப்படுகிறது என்ற நிறுவனங்களின் குற்றச்சாட்டு சில இடங்களில் உண்மையாகவும் இருக்கலாம். ஈ, நாற்றம் பற்றிப் பக்கத்துத் தோட்டத்தாரும் ஊராரும் சொல்லும் குறைகளும் நியாயமானவை. அன்றாட இறப்பு, தீவன இருப்பு, தண்ணீரில் கலந்த மருந்து ஆகியவற்றின் பதிவேட்டைப் பண்ணையிலேயே வைத்து, அதிகாரியும் நிறுவனமும் எப்போது வந்தாலும் காட்ட எங்கள் உறுப்பினர்கள் தயார். இறந்த கோழிகளைக் குழியில் முறையாகப் புதைப்பதையும், எருவை மூடி வைப்பதையும் சங்கத்தின் விதியாகவே ஏற்கிறோம். கால்நடை பராமரிப்புத் துறையும் வேளாண் துறையும் நிறுவனங்களையும் பண்ணையாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, மாதிரி ஒப்பந்தத்தையும் மாதிரிக் கணக்குச் சீட்டையும் எழுதும் நாளில், எங்கள் பதிவேடுகளோடு வந்து உட்காருவோம்.