பொறி அயலது, பெயர் தாய்மொழியது!

ஐசுலாந்தின் வடபுலத்தே அமைந்தது ஆக்குரேரி நகர். ஒரே பகற்பொழுதில் அங்கே இரு காட்சியகங்களைக் கண்டு திரும்பலாம். ஒன்று, 1962-இல் தோன்றிய வட்டார வரலாற்றுக் காட்சியகம். மற்றொன்று, 1999-இல் நிறுவப்பெற்று, வானூர்தி நிலையத்திலேயே இயங்கும் பறப்பியற் காட்சியகம். முன்னதில் முன்னோர் புழங்கிய பொருள்கள். பின்னதில் கடந்த நூற்றாண்டின் பறக்கும் பொறிகள். ஆயினும், பழம்பொருளுக்கும் புதுப்பொறிக்கும் பெயர் சூட்டியது ஒரே தாய்மொழி!

வானூர்தியை ஐசுலாந்தியர் 'பிளுக்வியெல்' என்பர். பறப்புப்பொறி என்பது அதன் பொருள். உலங்கூர்தி அவர்க்குத் 'திர்லா'. சுழலுதற் கருத்தில் அமைந்த சொல். தாரை வானூர்தி 'தோத்தா'. இரைந்து விரைதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. பொறி வெளியிலிருந்து வந்தது. பெயரோ வீட்டிலேயே பிறந்தது.

அம்மொழி பேசுவோர் 4 இலக்கத்தையும் எட்டார். 7 கோடிக்கு மேற்பட்ட தமிழரோ, 'வானூர்தி' என்னும் செஞ்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே, 'பிளேன்' என்று நாக் கூசாமல் மொழிகின்றனர். சொல் இல்லாமையன்று குறை. இருக்கும் சொல்லை ஆளாமையே குறை. அகரமுதலியில் மட்டும் உறங்கும் சொல், காட்சியகப் பொருளே. தமிழர் தம் சொற்களைக் கண்ணாடிப் பேழைக்குள் அடைக்கப் போகின்றனரா? நாவில் ஏற்றி வானில் பறக்கவிடப் போகின்றனரா?